கோவிந்தன் நடந்த நடை

2006 தை மாதம். ஃபிசியோதெரபிஸ்டாக வீடு வீடாகப் போய்வந்து கொண்டிருந்தேன். மரக்காணத்தில் கோவிந்தன் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகன் ஏழுமலை அவர் காலைக் கட்டிலோடு வேட்டியால் கட்டிக்கொண்டிருந்தான்.

அவனைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. கோவிந்தனுக்கு அல்சைமர். விடிந்தது முதல் சுவரை ஒட்டிச் சின்னச் சின்ன அடியாக வைத்து நடப்பார். சுவர் முட்டினால் திரும்பி, ஒரு சாண் தள்ளி மறுபடி நடப்பார். உட்கார வைப்பவர்களுக்கு அடி விழும். இரண்டு முறை மெயின் ரோட்டுக்கே போய்விட்டார். மாத்திரை கொடுத்தால் மயங்கி விழுந்தார். டாக்டர் அதை நிறுத்திவிட்டு, மருந்தில்லாமல் ஏதாவது செய்து பாருங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அப்போது அதெல்லாம் புதுசு. இரண்டு நாள் ட்ரெய்னிங் போய்வந்த மிதப்பு எனக்கு. பழைய பாட்டு போட்டேன், கல்யாண போட்டோ காட்டினேன், கலர் பந்து கொடுத்தேன். பந்து என் முகத்துக்கே திரும்பி வந்தது. ஆறு வாரமாக சார்ட்டில் ‘காரணமில்லாத நடை’ என்று எழுதி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

நாளைக்கே அப்பாவை முதியோர் ஹோமில் விட்டுவிடப் போவதாக ஏழுமலை சொன்னான். ஆரோவில்லில் டிரைவர் வேலை அவனுக்கு, லீவு போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தான். நானும் தலையாட்டிவிட்டு ஃபைலை மூடினேன்.

கோவிந்தனின் மனைவி பச்சையம்மாள் அடுப்படியிலிருந்து வந்து கட்டை அவிழ்த்தார்.

“அவரு சும்மா நடக்கல சார். உப்பளத்துப் பாத்தி மிதிக்கிறாரு. உப்பு எடுக்கறதுக்கு முன்னாடி சேத்த மிதிச்சி கெட்டியாக்கணும். முப்பது வருசம் ரெண்டு பேரும் அதான செஞ்சோம்.”

“இத்தினி நாளா ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லியே சார்.”

தூக்கம், மலச்சிக்கல், பிரஷர் எல்லாம் கேட்டிருந்தேன். என்ன வேலை செய்தவர் என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி ஏழுமலையிடம் கெஞ்சினேன்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குக் கூட்டிப்போனோம். ஆட்கள் வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கோவிந்தன் தானாகவே வரிசையில் சேர்ந்தார். ஒரு மணி நேரம் மிதித்தார். வீட்டுக்கு வந்து கூழ் குடித்துவிட்டு, யாரும் கட்டாமலே படுத்தார். ஹோம் பேச்சை ஏழுமலை அப்புறம் எடுக்கவில்லை.

நோய் குணமாகவில்லை, அடுத்த வருஷம் அவரால் நிற்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், இவர் என்ன வேலை செய்தார் என்பதுதான் என் முதல் கேள்வி.

உப்பளத்துக்குப் போன அந்த முதல் நாள், மிதித்து முடித்து வரப்பில் ஏறியதும் கோவிந்தன் மனைவியைக் காட்டி என்னிடம் கேட்டார். “யாரு சார் இந்தம்மா? நல்லா மிதிக்கிது.”

பச்சையம்மாள் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

“கூட வேல செய்றவதான். நாளைக்கும் வருவேன்.”