ஓபர்ஹவுசனில் ஜப்பானிய மல்யுத்தம்: பிந்திப் போனவனின் விமர்சனம்

எனக்கு மல்யுத்தம் பற்றி ஒன்றும் தெரியாது. பதினைந்து வயது மகள் துளசிக்கு எல்லாம் தெரியும். ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் சுற்றுப்போட்டியின் ஒரு நாளை இங்கே ஜேர்மனியில், ஓபர்ஹவுசனில் நடத்துகிறது என்று அறிந்ததும் டிக்கெட் எடுத்துவிட்டாள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவருடன்தான் வரலாம் என்று அதில் போட்டிருந்தது. அப்படித்தான் போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

நாங்கள் இருக்கும் பீலெஃபெல்டிலிருந்து பிராந்திய ரயிலில் போய் டியூஸ்பூர்க்கில் மாற வேண்டும். இரண்டேகால் மணித்தியாலம் பிடிக்கும். டொச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருந்தால் வேறு செலவில்லை. ரயிலில் துளசி ஊதா நிறக் காகிதச் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் இருந்த மட்டைக் குழலை உருவி எடுத்தாள்.

“என்ன பிள்ளை, கலியாண வீட்டுச் சோடினையே?”

“ஒகுமோரிக்கு. பேர் கூப்பிடேக்க மேடைக்கு எறியோணும். மட்டையோட எறிஞ்சா மனுசன்ர தலை உடையும்.”

ஒகுமோரி துளசிக்கு மிகப் பிடித்த வீரர். வயது நாற்பத்தாறு. இந்தச் சுற்றோடு ஓய்வு பெறுகிறார். பெயர் அழைக்கப்படும்போது பிடித்த வீரருக்குச் சுருள் எறிவது ஜப்பானிய ரசிகர்களின் வழக்கமாம். ஒரு மாதமாகத் துளசி காத்திருந்தது அந்த ஒரு நொடிக்காகத்தான். அவருடைய ஆட்டம்தான் முதலாவது.

இனி என் திறமை. எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாக்களுக்கு நான்தான் அறிவிப்பாளர். அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டால் ஆறரைக்கு விளக்கேற்றுவோம். அந்த அனுபவத்தில், ஓபர்ஹவுசன் நிலையத்தில் ஆறுதலாகக் கோப்பி வாங்கி, மீன் றோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“அப்பா, அஞ்சு மணி எண்டு போட்டிருக்கு.”

“போட்டிருப்பினம். ஆக்கள் வந்து இருக்கவே அரை மணித்தியாலம் போகும். நீ சாப்பிடு.”

ஐந்து பத்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். ஒகுமோரி மேடையில் அடி வாங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரோ எறிந்த சிவப்புச் சுருள்களை ஒரு பணியாளர் அள்ளிக்கொண்டு போனார். துளசி என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை.

“வெண்டா இண்டைக்கே அரையிறுதிக்குத் திரும்ப வருவார். தோத்தா முடிஞ்சுது” என்று மட்டும் சொன்னாள்.

முடிவை முன்கூட்டியே யாரோ எழுதிவைத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளையாரை வேண்டினேன். கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் செய்ய அவரால் ஏலாதா?

ஆட்டம் நல்ல ஆட்டம். ஒகுமோரி பாய்வதில்லை, சுழல்வதில்லை. ஆனால் நெஞ்சில் ஓர் அறை விட்டால் கடைசி வரிசையில் இருப்பவனும் தன் நெஞ்சைத் தடவுவான். விழுந்தபின் அவர் எழும்ப எடுக்கும் நேரம் இருக்கிறதே, அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நடுவர் மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்க வேண்டும். ஒரு முறை இரண்டில் தூக்கினார். நான் கதிரையில் ஏறாத குறை. அடுத்த முறை தூக்கவில்லை.

துளசி சுருள்களைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள்.

இரண்டாவது ஆட்டத்தில் பறப்பு அதிகம், பொறுமை குறைவு. பத்து நிமிடமாக முறுக்கப்பட்ட காலோடு ஒருவர் மூலைக் கம்பத்தில் ஏறிக் குதித்தார்.

“அந்தக் கால் சுகமாயிட்டுதோ?” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

துளசி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அதுதான் அவன்ர பிழை. எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை.”

இடைவேளையில் வீரர்களே மேசை போட்டுத் தங்கள் படம் போட்ட ரீசேர்ட் விற்கிறார்கள். ஒகுமோரியும் நின்றார். துளசியையும் கூட்டிக்கொண்டு வரிசையில் போய், அவருக்கு மொழிபெயர்த்த பெண்ணிடம் என் உடைந்த ஜேர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன்: ஐந்து மணி, ஆறரை, றோல்ஸ், பைக்குள் இருக்கும் சுருள். அவள் சொல்லச் சொல்ல ஒகுமோரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நாலடி பின்னால் போய், மேடையில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். என்னைக் காட்டித் தன் வாயையும் காட்டினார். பெயரை யாராவது அழைக்க வேண்டுமே!

என் அறிவிப்புக் குரலைக் கேட்டாலே காதைப் பொத்துகிற பிள்ளை இது. அதனால் பக்குவமாக, “இப்பொழுது உங்கள் முன்னே...” என்று தொடங்கினேன்.

“சத்தம் காணாது அப்பா! பள்ளிக்கூடத்தில கத்துற மாதிரிக் கத்துங்கோ!”

கத்தினேன். ஊதாச் சுருள்கள் ரீசேர்ட் மேசைக்கு மேலாகப் பறந்துபோய் ஒகுமோரியின் தோளில் விழுந்தன. வரிசை முழுவதும் கை தட்டியது.

இறுதியாட்டம்தான் அன்றைக்கு மிகச் சிறந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மேசையடி ஆட்டத்துக்கே புள்ளி போடுவேன்.

போக நினைப்பவர்களுக்கு: அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். சாப்பாட்டை ரயிலிலேயே முடியுங்கள். சுருளின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு எறியுங்கள், இல்லாவிட்டால் விரியாது. எங்கள் பாடசாலை ஆண்டு விழா கிட்டுகிறது. ஐந்துக்கே தொடங்கினால் எனக்கும் சுருள் எறிவதாகத் துளசி சொல்லியிருக்கிறாள். ஆறரை என்றாலும் எறிவாளாம், மட்டையைக் கழற்றாமல்.