மல்லிகாவின் யோசனை, என் பெயர்

காரைக்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கும் மல்லிகாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் ஒக்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இணையத் தொடர்புகளை இடையில் நின்று கடத்திவிடும் ப்ராக்ஸி சர்வர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். அது ஓப்பன் சோர்ஸ், அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் அதன் இணையப் பக்கத்தில் புதிய வசதிகளை முன்மொழியலாம். இணைப்பு பாதியில் அறுந்தால் அதனோடு சேர்ந்து இயங்கும் துணை நிரலான ப்ளகினுக்குத் தெரிவிக்க ஃபங்ஷன் எனப்படும் சிறு நிரல் துண்டுகள் இரண்டு புதிதாகத் தேவை என்று யோசித்தவள் அவள்தான். ஆங்கிலத்தில் எழுதத்தான் அவளுக்குக் கூச்சம்.

"நீங்களே எழுதிப் போடுங்கக்கா" என்றாள்.

போட்டேன், என் பெயரில் மட்டும். அவள் பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று நினைத்தேன். முன்மொழிவை ஏற்றுக்கொண்டு எல்லோரும் என்னைப் பாராட்டத் தொடங்கியதும் சேர்க்க மனம் வரவில்லை.

சில மாதங்களில் எங்கள் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். வேறு வேலைக்கு நேர்காணலுக்குப் போய்வந்த மல்லிகா எனக்குப் போன் செய்தாள்.

"அந்த ரெண்டு ஃபங்ஷனும் என் யோசனைன்னு சொன்னேன்க்கா. ஒடனே அந்தப் பக்கத்தத் தெறந்து பாத்தாக. ஒங்க பேரு மட்டும்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டாக."

நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

"வேல அவசரத்துல மறந்திருப்பீக. விடுங்கக்கா" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

அன்றே அந்த மென்பொருளை நடத்தும் குழுவுக்கு எழுதி அவள் பெயரைச் சேர்க்க வைத்தேன். நேர்காணல் நடத்தியவர்களுக்கும் எழுதினேன். வேறொருவரை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

மல்லிகா இப்போது ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். போனால் சிரித்துப் பேசுகிறாள். நான் மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.