அறுபத்திரண்டு வயதில் எனக்குப் பாதுகாவலர் வேண்டுமாம்

பெற்றோர் கையெழுத்து இல்லை என்று, அறுபத்திரண்டு வயதுக்காரனான என் விண்ணப்பத்தை ஒரு தனியார் பொறியியல் கல்லூரி இன்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

நான் வணிகப் பட்டதாரி. ஒருகொடவத்தை கொள்கலன் முற்றத்தில் முப்பது வருடம் கணக்காளர். கண் மட்டும் எப்போதும் கிரேன்களில்தான். கணிதத்தை நானே படித்து, அவர்களுடைய நுழைவுத் தேர்விலும் சித்தியடைந்துவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டாள்: “அங்கிள், மகன் வரேல்லையோ?”

“படிக்கப்போறது நான்தான் பிள்ளை.”

“அப்ப அப்பா, அம்மா, இல்லாட்டி கார்டியன் சைன் வைக்கோணும்.”

“அப்பா கனத்தை மயானத்தில கிடக்கிறார். ஃபோர்மை அங்க கொண்டுபோகட்டோ?”

“எனக்கு ஏசாதீங்கோ அங்கிள். அந்த இடம் வெறுமையா இருந்தா எடுக்க மாட்டினம்.”

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தே, கார்டியனாகக் கையெழுத்துப் போடச் சொல்லி மகனுக்கு ஃபோன் எடுத்தேன். “இந்த வயசில என்னத்துக்கப்பா இன்னொரு டிகிரி?” என்று வைத்துவிட்டான்.

நாளை கடைசி நாள். அடுத்த சேர்க்கை இரண்டு வருடம் கழித்து. அதுவரை நான் இருப்பேன் என்று யார் சொல்வது?

கல்லூரிப் பதிவாளர் அந்தக் கையெழுத்தைக் கேட்காமல் விட வேண்டும். இல்லையென்றால் மகன் போட வேண்டும். இருவரும் மறுத்தால், இதைப் படிக்கும் உங்களில் ஒருவர் நாளை காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையோடு கல்லூரிக்கு வந்து என்னைத் தத்தெடுக்க வேண்டும்.