மஞ்சள் செம்பருத்திக்கு மீன் தண்ணீர்

நாற்பத்தாறு நாட்கள் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் பொறுமையாக, திட்டமிட்டுச் செய்த ஒரே கெட்ட காரியம் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமியும் மாமாவும். எங்களுக்கு இரண்டு அறைகள், சமையலறை, அதையொட்டித் திறந்த மொட்டைமாடி. மகளுக்கு ஒன்றரை வயது. நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்து, இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்து, பிரசவத்துக்காக வேலையை விட்டவள். குழந்தை எத்தனை கரண்டி சாப்பிட்டது, எடை ஏறியதா, இருமல் நெஞ்சிலிருந்து வருகிறதா தொண்டையிலிருந்தா என்று நாள் முழுவதும் மனம் அலைந்துகொண்டிருக்கும். எதைச் செய்தாலும் தப்போ என்று தோன்றும். மாடியில் இருந்த தொட்டிகளிடம் மட்டும்தான் அந்தச் சந்தேகம் இல்லை.

அவற்றில் ஒன்று, பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒட்டுச் செம்பருத்தி. விரித்த கை அளவுக்கு மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. ஆனால் சென்னை வெயில் அதற்கு ஆகாது. கோடை வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். நம்மூர் வெயிலுக்கு அசராத இளஞ்சிவப்புச் செம்பருத்தி ஒன்றும் என்னிடம் இருந்தது. இரண்டையும் இணைத்து, மே மாதத்திலும் பூக்கும் ஒரு மஞ்சளை உண்டாக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலை சின்னதுதான். மறுநாள் மலரப்போகும் மொட்டுக்கு முதல் நாள் மாலையே எறும்பும் தேன்சிட்டும் அண்டாமல் ஒரு துணிப்பை கட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பையை அவிழ்த்து, பூவின் உச்சியில் இருக்கும் ஐந்து சிவப்புப் பொட்டுகளில் அடுத்த செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கூடினால், பூ உதிர்ந்தாலும் அடிக்காம்பு உதிராது. அது பருத்துக் காயாகி, இரண்டு மாதத்துக்கு மேல் முற்றி வெடிக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு புதுச் செடி. அந்தப் பூவை அதுவரை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்கழி பிறந்ததும் மாமி ஒரு வேண்டுதல் தொடங்கினாள். பையனுக்கு அமெரிக்க விசா கிடைக்க, நாற்பத்தெட்டு நாள் அம்பாளுக்குச் செம்பருத்திப் பூ. ஐந்தரை மணிக்கு மாடியேறி, எங்கள் கதவைத் தட்டாமல், என் செடிகளில் இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு போனாள். நான் பை கட்டிய மொட்டும் போயிற்று. குழந்தையின் பழைய ஜிப்பாவைக் கிழித்துத் தைத்த அந்தப் பை படிக்கட்டில் கிடந்தது.

கீழே போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமி சிரித்தாள்.

"என்னடி இது, பூவுக்குப் போய் ஜட்டி தெச்சுப் போட்டிருக்கே?"

"காய் பிடிக்கறதுக்காக மாமி. பை கட்டினதை மட்டும் விட்டுடுங்களேன்."

"செம்பருத்தியில காயா? சாம்பார் வெக்கப் போறியா? அம்பாள் கால்ல கிடந்தா உன் கொழந்தைக்கும் சேர்த்துதான் க்ஷேமம். செடி உன்னோடதா இருக்கலாம், மாடி எங்களோடது. தெரிஞ்சுக்கோ."

கணவரிடம் சொன்னேன். "வாடகை வீடு. அனுசரிச்சுப் போ" என்றார். அனுசரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐப்பசியிலிருந்தே அந்தத் தொட்டிகளுக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வந்தோம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலைக்கு வரும் அம்மா ஆற்றங்கரைப் பக்கம் குடியிருந்தார். "இன்னாம்மா, செடி சீக்காளி மாதிரி நிக்கிது? மீன் கய்வின தண்ணி ஊத்து, எப்டி வருது பாரு" என்று அவரே கேனில் கொண்டுவந்தார். நாங்களும் சைவம்தான். ஆனாலும் செடிக்கு என்ன ஆசாரம் என்று பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றினேன். நாற்றம் வருகிறதே என்று மாமி கேட்டபோது வேப்பம் புண்ணாக்கு என்று சொல்லிவிட்டேன்.

வேண்டுதல் தொடங்கிய அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கோ ஒரே சிரிப்பு. "மாமி நம்ம மீன் தண்ணிப் பூவத்தான் சாமிக்கு வெச்சிக்கினு கீது. சாமி ஒண்ணும் சொல்லல பாரு!"

முதல் வாரக் கடைசியில், மஞ்சள் செடியில் சுவரோரமாகத் தாழ்ந்திருந்த ஒரு கிளையில் மாமி கண்ணில் படாமல் ஒரு பூ தப்பியது. மகரந்தம் தடவினேன். காம்பு நின்றது. மூன்று வாரத்தில் அது சுண்டைக்காய் அளவுக்குப் பருத்தது. குழந்தைக்குப் பால் கொடுத்த கையோடு தினமும் போய்ப் பார்ப்பேன்.

ஒரு காலை அந்தக் கிளையே இல்லை.

"நங்கநல்லூர்ல என் தங்கை ஒரு கொம்பு கேட்டுண்டே இருந்தா" என்றாள் மாமி. "நீ தூங்கிண்டிருந்தே. எழுப்புவானேன்னு நானே ஒடிச்சுண்டேன். அதுல என்னமோ உருண்டையா இருந்துது, கிள்ளிப் போட்டுட்டேன்."

கிணற்றடியில் தேடி எடுத்தேன். நகம் பட்டுப் பிளந்திருந்தது. உள்ளே முற்றாத வெள்ளை விதைகள்.

"சரி மாமி" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். அன்றைக்கு முப்பதாம் நாள். இப்போதே சொன்னால் முப்பது நாள்தான் வீணாகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தச் செடிகளை முன்பைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மீன் தண்ணீரை வாரம் இரண்டு முறையாக்கினேன். மாமிக்கு ஒருநாள்கூடப் பூ குறையக் கூடாது. விடிகாலையில் படிக்கட்டில் அவள் காலடி கேட்கும்போது, படுத்தபடியே நாளை எண்ணுவேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் குழந்தைக்கு ஜுரம் வந்தது. நூற்றிரண்டு. தெய்வக் குற்றம், என் வஞ்சம் என் பிள்ளை மேல் இறங்கிவிட்டது என்று நடுங்கினேன். ஈரத்துணி போட்டுப் போட்டு, இனிச் சொல்லவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நான்காம் நாள் ஜுரம் விட்டது. மறுநாள் காலை சொன்னேன்.

மாமி மஞ்சள் பூவைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பூர்த்தியா மாமி? ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இந்தச் செடிக்கு நான் மீன் கழுவின தண்ணிதான் ஊத்தறேன். ஐப்பசியிலேர்ந்து."

"என்னது?"

"மீன், மாமி. மேலயும் தெளிப்பேன். இலைக்கு நல்லது."

மேலே தெளித்ததே இல்லை. அந்த ஒரு பொய்யை ஏன் சேர்த்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேர் என்று மட்டும் சொன்னால் ஏதாவது சமாதானம் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது.

மாமி தன் விரல்களைப் பார்த்தாள். அந்தக் கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! முன்னாடியே சொல்ல மாட்டியோ?"

"முன்னாடியே கேட்டுட்டுப் பறிச்சிருந்தா சொல்லியிருப்பேன், மாமி."

கிணற்றடியில் வாளி வாளியாக அவள் தலையில் ஊற்றிக்கொண்ட சத்தத்தை நின்று கேட்டேன். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

வேண்டுதல் கடைப் பூவோடு முதலிலிருந்து தொடங்கியது. மாமி மாடிப்பக்கம் வரவில்லை. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். "ஒரு பூவுக்காக வீட்டை விட்டியே" என்று கணவர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் எனக்கு இரண்டு காய்கள் முற்றின. அடையாறு வீட்டுக்குப் போகும்போது ஒன்பது விதைகளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். ஆறு முளைத்தன. நான்கு, பார்க்கச் சகிக்காத வெளிறிய நிறம். ஒன்று பூக்கவே இல்லை. ஆறாவது, இரண்டாம் வருடம், மே மாதத்து உச்சி வெயிலில் பூத்தது. பழுத்த எலுமிச்சை நிறம், நடுவில் செம்மண் கீற்று.

அதே வருடம் தி.நகரில் பாத்திரக் கடையில் மாமியைப் பார்த்தேன். பையன் அமெரிக்கா போய்விட்டானாம். மாமி மெலிந்திருந்தாள். என் மகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, அவள் வழக்கமில்லாத தணிந்த குரலில் கேட்டாள்.

"அந்த மஞ்சள் செடி இருக்கோடி? தங்கையாத்துல வெச்சது வேரே பிடிக்கலே. ஒரு கொம்பு குடேன். பூஜைக்கு இல்லே, சும்மா பார்க்கத்தான்."

"செத்துப் போச்சு, மாமி."

"இல்லம்மா," என்றாள் என் மகள் சத்தமாக. "காலைல பூத்துதே! மஞ்சளா!"

மாமி என்னைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அது வேற செடி, மாமி" என்றேன்.

பொய்யில்லை. பெங்களூர்ச் செடி போன கோடையிலேயே காய்ந்துவிட்டது. இது நான் உண்டாக்கியது. இதில் கொம்பு ஒடித்து யாருக்கும் கொடுப்பதாக இல்லை.