கடலோசைத் தலையணை தேடி மட்டாஞ்சேரிக்கு

கண்புரை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி கமலத்துக்கு இரவுறக்கம் இல்லாமற் போயிற்று. பள்ளிகொண்ட பெருமாளின் பாசுரங்களை நாள்தோறும் அவள் கட்டிலருகே அமர்ந்து ஓதினேன். கைகூப்பிக் கேட்டாள், கண் மட்டும் மூடவில்லை.

சென்ற ஆவணியில் ஓர் இரவு, உள்ளூர்ச் சேனலில் அந்த விளம்பரம் வந்தது. கொச்சியை அடுத்த வைப்பின் தீவின் கடலோசையை அடைத்த தலையணையாம். மொழிமாற்றிய பழைய விளம்பரங்களைப் போல வாயசைவு ஒருபுறமும் குரல் ஒருபுறமும் சென்றன. முகவரி மட்டாஞ்சேரி பஜார் சாலை, சுக்குக் கிடங்கின் மாடி. "ஏன்னா, இது ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுங்கோ" என்றாள். எதையும் கேட்டறியாதவள்.

காலை ஆறு மணிக்குப் பாலக்காட்டில் ரயிலேறினோம். எர்ணாகுளத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு, ஆளுக்கு ஆறு ரூபாய். வெலிங்டன் தீவின் பாரந்தூக்கிகள் மழைமூட்டத்தில் தவத்தில் நின்றன. நீரும் வானும் ஒரே நிறம். படகு அசையாதிருக்க, கொச்சிதான் எங்களை நோக்கி மிதந்து வருவதாகத் தோன்றியது.

படகுத்துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. ஓட்டுநர் தேனிக்காரர். முகவரியைக் கேட்டதும் சிரித்தார்.

"அது கடையே இல்ல சாமி. பழைய விளம்பரத்தையெல்லாம் கேலி பண்ணி டிவிக்குப் படம் எடுக்கற நாடகக்காரங்க. நானும் முடி வளர்ற எண்ணெய் கேட்டுப் போனவன்தான்." தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார்.

"பின்னே எதுக்குச் சிரிக்கறேள்?" என்றாள் கமலம்.

"நான் ஒருத்தன் மட்டும் இல்லையேன்னுதான்மா."

திரும்பிவிடலாமா என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்க்க அஞ்சினேன். "வந்தாச்சு, பாத்துட்டே போலாம்" என்றாள்.

மாடியில் சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடி, நண்பகலை நள்ளிரவாக்கியிருந்தார்கள். எங்கும் சுக்கு மணம். நாடக நாயகி ரஹ்மத் எங்கள் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அல்லா! அம்மா, அதுக்குள்ள பழைய துணியாக்கும். எங்கள நம்பி இவ்ளோ தூரமா?" ஆயினும் தலையணையைக் கொண்டுவந்து, அரங்கத்துக் கட்டிலில் கமலத்தை அமர்த்தினாள்.

அடுத்த காட்சி தொடங்கியது. அகங்காரம் அரைக்கும் மிக்ஸி! "இருங்க, இன்னும் முடியல! கரண்டி இலவசம்!" என்று ரஹ்மத் வாயசைக்க, திரைக்குப் பின்னிருந்து ஒருவர் அதையே அலறினார். அந்த அமளியின் நடுவே கமலம் தலை சாய்த்தாள். உறங்கிவிட்டாள்.

ரஹ்மத் பதறிக் கையசைத்தாள். எல்லோரும் ஊமையானார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள்.

கமலம் கண் திறந்தாள். "ஏன் நிறுத்திட்டேள்? நன்னா இருந்துதே!"

"கேட்டியாடா, கத்து!" என்றாள் ரஹ்மத், திரைப் பக்கம் திரும்பி. மூன்று மணிவரை, தேவையில்லாத காட்சிகளையெல்லாம் மீண்டும் மீண்டும் எடுத்துக் கத்தினார்கள். கமலம் குழந்தைபோல் உறங்கிக் கிடந்தாள். நான் கட்டிலருகே, ஓதுவதற்கு ஏதுமின்றி அமர்ந்திருந்தேன்.

புறப்படும்போது தலையணையை நீட்டினார்கள். கமலம் மறுத்தாள். "இது உங்களுக்கு வேணும். நீங்க தெனமும் கத்தினாப் போறும்."

செல்வோர்க்குச் சில சொற்கள்: காலைப் படகில் போங்கள், கூட்டம் குறைவு. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாடியில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

இப்போதும் இரவில் முதலில் நான் ஓதுகிறேன், விழித்திருந்து கேட்கிறாள். பிறகு தொலைக்காட்சியை உரக்க வைக்கிறேன், உறங்கிவிடுகிறாள். முதலில் எனக்குச் சற்றே வருத்தம் இருந்தது. ஆனால் அரவணையில் துயில்பவனைச் சுற்றியும் கடல் ஓயாமல் இரைந்துகொண்டுதானே இருக்கிறது?