தெளியும் வரை பொறுக்காத சபை

என் வீட்டுச் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊறுகாய் வந்த பாட்டில். உள்ளே மண். அடியில் மணல், அதன் மேல் பழுப்பாக வண்டல், அதற்கும் மேல் வெள்ளைக் களி. ஊற்றிய தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. களி காய்ந்து, கண்ணாடியை விட்டு விலகி, நடுவில் வெடித்துக் கிடக்கிறது. சமையலறைக்குள் வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். மண் என்பேன். மண்ணை எதற்கு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாய் என்பார்கள். அதற்கு இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை. சொன்னால் என் யோக்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மண் பார்க்கிறவர். பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற சின்னக் கம்பெனி. லாரியில் மண் வந்து நின்றால் முதலாளி முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார். அப்பா ஏறி, நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, பாட்டிலில் போட்டு, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, நன்றாகக் குலுக்கி ஜன்னல் கட்டையில் வைப்பார். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டலுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். களி இருக்கிறதே, அது அடம் பிடிக்கும். நல்ல களி என்றால் ஒரு ராத்திரி கூட ஆகும். அதுவரை லாரிக்காரன் டீ குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலாளியும் காத்திருப்பார். யாராவது அவசரப்பட்டால் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "தெளியட்டும்." அந்தக் கம்பெனியில் அந்த வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. உலகத்தில் எல்லா இடமும் அந்தக் கம்பெனி மாதிரிதான் இருக்கும் என்று அப்பா நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

நாங்கள் பரம்பரையாகப் பானை செய்தவர்கள். தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சில் ஆண்களுக்கு வேதபாடம் நடத்துவார். சம்பளம் ஒன்றும் இல்லை. காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். வாரத்தில் ஆறு நாளும் "யோவ், இந்த மண்ணப் பாருய்யா" என்று கூப்பிடப்படுகிற மனிதரை அந்த ஒரு மணி நேரம் மட்டும் "வாத்தியாரே" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்வோர் சொல்லலாம் என்று சபை முன்னால் அறிவிப்பது. மூன்று ஓலையும் வாசித்தால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம்தான் சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் வெளியூர்க்காரர். நல்ல குரல், நல்ல கோட்டு. கடைசி நாள் நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு பழுப்பு நிலக்கரித் துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். "உங்க ஊருக்குப் பக்கத்துல பூமிக்குள்ள கிடக்குது. இது என்ன? மரம். யார் புதைச்சது? அந்த வெள்ளம்! உலகம் முழுக்க மூடின வெள்ளம்!" என்றார். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. துண்டு கை மாறிப் பெண்கள் பக்கம் வந்தது. ஒருத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தினமும் அடுப்பில் அதைப் போட்டு எரிக்கிறவள்தான் அவள்.

முடிக்கும்போது அவர், "யாருக்காவது சந்தேகம் இருக்குதா?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை, பேச்சை முடிக்கிற முறை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. எழுந்துவிட்டார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளம் வந்தது நெசம். நான் நம்பறேன். ஆனா உலகம் பூரா ஒரே வெள்ளம்னா மண்ணு ஒரே அடுக்காத்தானே படியணும்? கீழ மணலு, மேல களி. நாங்க மண்ணு எடுக்கற குழியில சொவத்தப் பாத்தீங்கன்னா மணலு, களி, மணலு, களின்னு ஏழு தடவ மாறி மாறி வருது. ஏழு வெள்ளம் வந்திருக்குது. இதுல எதுங்க நோவா வெள்ளம்?"

யாரோ சிரித்தார்கள். கோட்டுக்காரர் வேதத்தில் மலைகளெல்லாம் மூடிப்போனதாக இருக்கிறதே என்றார். அப்பா விடவில்லை. "கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சுன்னு சொல்றோம். வூட்டுல பாயில படுத்துக் கெடக்கறவனுமா வந்தான்? அதுக்காக நாம பொய் சொன்னதாயிடுமா? நோவா கண்ணுக்குத் தெரிஞ்ச உலகம் பூரா முழுவிச்சு. அவ்ளோதாங்க." இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சபைப் போதகர் முகத்தை நான் பார்த்தேன். அடுத்த ஓலை போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை போதகர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "ஒரு வார்த்த தப்புன்னு சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாம் தப்புன்னு வரும். வர்ற ஞாயித்துக்கெழம சபை முன்னால எந்திரிச்சு, வெள்ளம் உலகம் முழுக்கத்தான், நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுங்க. அப்புறம் ஓலை வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் விசுவாசத்துக்கும் என் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. சம்பந்தம் இதுதான். கழுத்தில் மாட்ட வேறு கயிறு அவர்கள் கையில் இல்லை.

கம்பெனி முழுக்க விஷயம் பரவிவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்த சூளைக்காரர், பழமலை என்று சொல்கிற பெரிய சிவன் கோயிலின் பக்தர். மத்தியானம் நான் சோறு கொண்டு போனபோது அப்பாவைச் சீண்டிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்குய்யா ஒங்களுக்குள்ள சண்ட? எங்க பழமலைய எந்த வெள்ளமும் முழுவடிக்காது. பேசாம எங்க பக்கம் வந்துடு, உலகமே முழுவினாலும் ஒனக்கு எடம் உண்டு." அப்பாவும் சிரித்தார். "ஒங்க மலையிலயும் ஒரு பிடி குடு, பாட்டில்ல போட்டுப் பாத்துட்டு வர்றேன்" என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஓலை பாதியில் நின்ற பெண்ணை அப்புறம் எவன் கட்டுவான்? சாயங்காலம் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"சொல்லிட்டு வந்துடுங்கப்பா. உலகம் பூரா முழுவிச்சின்னு சொன்னா ஒங்களுக்கு என்ன கொறையும்?"

"ஒனக்குமா தெரியல? நீ பாட்டில் பாத்து வளந்தவதானே."

"எனக்குத் தெரியும், தெரியாது, அதெல்லாம் இப்ப வேணாம். மண்ணு முக்கியமா, நான் முக்கியமா?"

அவர் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். "காட்டுனா புரிஞ்சிக்குவாங்கம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு, கையில் இந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையும் அன்றைக்கு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். போதகர் கூப்பிட்டதும் அப்பா முன்னால் போனார். தப்பு என்று சொல்லவில்லை. பாட்டிலைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குலுக்கி, மேஜை மேல் வைத்தார். "இது ஒரு வெள்ளம். ஒரு வெள்ளம் எப்படிப் படியும்னு நீங்களே பாருங்க. தெளியட்டும்" என்றார். ஒரு முழு சபையை, மண் லாரிக்காரனைப் போல, காத்திருக்கச் சொன்னார். அதில் நல்ல களி வேறு போட்டிருந்தார். இருந்ததிலேயே உசத்தியான மண்ணைத்தான் சபைக்கு எடுத்து வந்திருந்தார். அது அவ்வளவு சீக்கிரம் தெளியாது.

ஐந்து நிமிடம் இருக்கும். அடியில் கொஞ்சம் மணல் உட்கார்ந்ததைத் தவிர, பால் மாதிரி வெள்ளையாக, கலங்கலாக நின்றது பாட்டில். போதகர் அதை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "எனக்குக் கலங்கல்தான் தெரியுது. ஒங்களுக்கு ஏதாவது தெரியுதா?" என்றார். சபை சிரித்தது. அப்பாவிடம் பாடம் கேட்ட ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரங்க. ஒரு பாட்டு பாடுங்க, அதுக்குள்ள வண்டலாவது…" என்று அப்பா கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்றால், கையை மடியிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, சொல்லிடுங்க என்று ஆட்டினேன்.

"உலகம் முழுக்கத்தான். நான் சொன்னது தப்பு" என்றார் அப்பா. போதகர் இரண்டாவது ஓலையை வாசித்தார்.

அப்பா பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் முந்தானைக்குள் வைத்து எடுத்து வந்தேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. மணல், வண்டல், களி, கோடு போட்ட மாதிரி. அப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் மறுபடி தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடிவிடுவாரோ என்று பயந்தேன். மூன்றாவது ஓலை பாக்கி இருந்தது. உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கல்யாணம் நடந்தது. பாட்டிலை ஆடாமல் மடியில் வைத்துப் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பாவிடமிருந்து வேதபாடத்தை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுக்குக்கூட வாய் திறக்காமல், வந்து போனார். வெள்ளைச் சட்டை தேய்க்காமல் கசங்கியே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் சுரங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "வெட்டுன சொவத்துல பாத்தா கரி ஒரு அடுக்கு, அப்புறம் மணலு, களி, மறுபடியும் கரி. ஒங்கப்பா சொன்னது சரிதான்" என்றார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"வேலைக்குப் போன மொத வாரத்துலேருந்து."

"அன்னைக்கு சர்ச்சுல ஒக்காந்திருந்தீங்களே."

"நான் எந்திரிச்சுப் பேசியிருந்தா ஓலை நின்னிருக்கும். ஒன்னக் கட்டியிருக்க முடியுமா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய்விட்டேன். மறுநாள் பஸ் ஏறி விருத்தாசலம் போய், கம்பெனி வாசலிலேயே அப்பாவிடம் கொட்டினேன். உங்கள் மாப்பிள்ளைக்கு அன்றைக்கே தெரியுமாம், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாராம் என்றேன். அப்பா ஆச்சரியப்படவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மாப்பிள்ளைய ஏம்மா திட்டற? அவுரு வாயத்தான் மூடிக்கிட்டாரு. நீ தெரிஞ்சே கைய ஆட்டுன."

கோபமாகச் சொல்லவில்லை. மண்ணைப் பார்த்து, இதில் மணல் அதிகம் என்று சொல்வாரே, அந்தக் குரல். உள்ளே லாரி வந்து நின்றது. போய்விட்டார்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அப்பாவும் போய்விட்டார். அதே போதகர்தான் அடக்கம் செய்தார். குழியருகே நின்று, "தன் தவறைச் சபை முன் ஒத்துக்கொண்ட தாழ்மையுள்ள மனிதர்" என்றார். குழியின் சுவரில் மணலும் களியும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எல்லோரும் குனிந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த சர்ச்சில் இன்றைக்கும் வருஷா வருஷம் அதே வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் மேல் இருக்கிற கோபம் எனக்குச் சுலபம். உலகம் முழுக்க மூழ்கியதா, ஒரு ஊர் மட்டும் மூழ்கியதா என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒளித்து வைத்தேன். போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நின்றது. பிறகு எடுத்து, உப்பு ஜாடிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன்.