பதினோராவது வீடு

"உங்க மெஷினோட சான்றிதழ் மார்ச் மூணாம் தேதியோட முடிஞ்சுபோச்சு. இருபத்தேழாம் தேதி வரைக்கும் அதை வச்சே வீடுகளைச் சோதிச்சிருக்கீங்க" என்றாள் யெசேனியா. மாநில அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவள் அவள். கோப்பு அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது.

"ஆமா. இருபத்து நாலு நாள். பதினோரு வீடு" என்றாள் வெர்லா ஹாக்ஸ்ட்ரா, கேட்காமலே காப்பியை ஊற்றியபடி.

"புகார் குடுத்தது யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"குடுத்தவளே நான்தானே கண்ணு. கடைசிப் பக்கத்தைப் பாரு, என் கடுதாசி இருக்கும்."

இருந்தது. பென்சிலில் எழுதி, மேலே பேனாவால் அழுத்தியிருந்தாள்.

"கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காத. குளிர்ல எழுதினது."

அறுபத்து மூன்று வயது வெர்லா அயோவாவின் வடமேற்கு மூலையில் ரேடான் சோதிக்கிறவள். மண்ணிலிருந்து நிலவறைக்குள் கசிந்து, வருஷக்கணக்கில் நுரையீரலை அரிக்கும் அந்த வாயுவுக்கு வாசனையில்லை, நிறமில்லை. இருப்பதைச் சொல்ல மெஷின் வேண்டும். மெஷினை வைக்க மாநில உரிமமும், அது சரியாக அளக்கிறது என்ற ஆய்வகச் சான்றிதழும் வேண்டும். அளவு நான்கைத் தொட்டால் குழாய் பதித்துக் காற்றை வெளியேற்றச் சொல்லுவார்கள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வணக்கம் சொல்வதற்கு முன், வெளிக்காற்று அளவைக் குறைத்துவிடாதபடி ஜன்னல்களைச் சாத்துவாள். சாத்திய ஜன்னல்களில் காகித நாடா ஒட்டி, அதன்மேல் கையெழுத்திடுவாள். இரண்டு நாள் கழித்து நாடா கிழிந்திருந்தால் சோதனை செல்லாது. பெரும்பாலும் வீடு விற்கும் நேரத்தில்தான் இந்தச் சோதனை நடக்கும்; வீட்டுத் தரகர்கள் அவளை 'ஜன்னல் போலீஸ்' என்பார்கள். "போலீஸ்காரனுக்கு டோனட் குடுப்பாங்க, எனக்கு அதுவும் இல்ல" என்பாள். கொடுத்தாலும் தொடமாட்டாள். விற்கிறவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "'நல்லா இருக்கு'ன்னு ஒரு வாய் சொல்லிட்டா, அப்புறம் அந்த ஆளுக்கு எப்படி ஏழுன்னு எழுதிக் குடுக்கிறது?"

இவ்வளவு கறாரானவள் சான்றிதழ் தேதியைக் கோட்டைவிட்டது எப்படி என்று யெசேனியாவுக்குப் புரியவில்லை. கேட்டாள்.

"நாட்காட்டியில மே மூணுன்னு எழுதி வச்சிருந்தேன். வேற சாக்கு கிடையாது. எழுதிக்கோ."

மெஷினை ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் முற்றியது. மெஷின் குறைத்துக் காட்டியிருக்கிறது: பத்து இருக்கும் இடத்தில் எட்டு. வெர்லா பதினோரு வீட்டுக்கும் போன் செய்து, தப்பு தன்னுடையது என்று சொல்லி, சரிபார்த்த மெஷினுடன் கூலி வாங்காமல் மறுபடி போனாள். பத்துக் கதவுகள் திறந்தன. அளவு நான்கைத் தாண்டிய இரண்டு வீடுகளில் குழாய் பதித்தாகிவிட்டது.

பதினோராவது கர்ட் என்பவனுடைய வீடு. முதல் சோதனையில் மூன்று புள்ளி ஆறு வந்தது. அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, நிலவறையில் சுவருக்குச் சாயம் பூசி, நான்கு மாதக் குழந்தையின் தொட்டிலை அங்கே போட்டிருக்கிறான்.

"மூணு தடவை போனேன். முதல் தடவை 'உன் பேச்சை ஒரு வாட்டி நம்பினது போதும்'ன்னான். ரெண்டாவது தடவை 'குழாய்க்காரன் உனக்கு எவ்வளவு குடுக்கிறான்?'னு கேட்டான். மூணாவது தடவை நாயை விட்டான். நல்ல நாய் அது, கையை நக்கிட்டுப் போச்சு."

யெசேனியா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மெஷின் மூன்று புள்ளி ஆறு என்று காட்டியது உண்மையில் நாலரை.

"எங்களால அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, மிஸஸ் ஹாக்ஸ்ட்ரா. உரிமம் உங்களுக்குத்தான், அவருக்கு இல்ல."

"தெரியும். சட்டத்தை உனக்கு முன்னாடியே படிச்சவ நான்."

உரிமம் நிறுத்திவைக்கப்படலாம் என்ற தாளை வெர்லா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மெஷினையும் அதன் புதுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யெசேனியாவின் காரில் முன் இருக்கையில் அதை வைத்து, குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எத்தனை மாசம் வேணும்னாலும் நிறுத்தி வை, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். போற வழியில அந்தக் கதவை மட்டும் தட்டும்மா. கழுத்துல ஸ்டேட் அட்டை தொங்குதுல்ல, உனக்குத் திறப்பான். மெஷின் வேணாம்னு சொன்னாலும் சரி, அந்தத் தொட்டிலை மட்டும் மேல தூக்கிப் போடச் சொல்லு."